கால் எட்டாத வண்டி

நாள் முழுக்கப் பாறை துளைத்ததில் அவனுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. இருந்தும் பைக் கடையில் போட்ட நாற்காலியில் உட்காராமல், ஒவ்வொரு வண்டியிலும் அவளை ஏறி உட்காரச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தார் ரோட்டுலயும் ஓடணும், குவாரி மேட்டுக் கல்லுலயும் ஏறணும். விலை கையைக் கடிக்கக் கூடாது," என்றான்.

"அப்ப இதுதாண்ணே. நல்ல உயரம், அடி தட்டாது," என்றான் விற்பவன்.

"உயரம் வேணாம். இவங்களுக்கு ரெண்டு காலும் தரையில ஊணணும்."

"ஓட்ட ஓட்ட உயரம் பழகிடும்ணே."

"பழகாது!"

கடையே திரும்பிப் பார்த்தது. விற்பவன் அவளைப் பார்த்துச் சிரித்தான். "வீட்டுக்காரருக்கு உங்க மேல எவ்வளவு அக்கறை பாருங்கக்கா!"

"என் வீட்டுக்காரர் செத்து ஆறு மாசமாச்சுப்பா. இவர் அவரோட கூட்டாளி," என்றாள். "அவருக்கும் வண்டி பார்த்துக் கொடுத்தது இந்த அண்ணன்தான். குவாரி மேட்டுல நிறுத்துறப்போ கால் எட்டாம வண்டியோட பள்ளத்துல சாஞ்சுட்டாரு. இப்ப அவர் வேலைக்கு நான் போறேன். அண்ணே, நீங்க சொல்றதையே எடுத்துக்கலாம்."

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

நண்பனுக்கு வண்டி எடுத்த அன்றைக்கும் உயரம் குறைந்த வண்டி அதே விலையில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை இரவல் வாங்கி ஓட்டத் தோதாக, தன் உயரத்துக்குப் பொருந்தியதை நண்பன் தலையில் கட்டினான். "எனக்கு எட்டாதுடா" என்றவனிடம், "ஏணி வாங்கித் தரவா?" என்று கேலி வேறு பேசினான்.

அதை அவளிடம் ஒத்துக்கொள்ள வேண்டிய கடன் இன்னும் பாக்கி.