ஸெலி அக்காவோட லீவு

“அந்தப் பொம்பளைக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சாடா?”

சங்கத் தலைவர் ஆஷில் அண்ணன் கத்துனாரு. நான் அப்பத்தான் வாழ்க்கையில மொத தடவையா கடலப் பாத்துட்டு, வெயில்ல மூக்குத் தோலு உரிஞ்சு, எங்க ரூபே ஊருக்குத் திரும்பியிருந்தேன்.

பிரான்ஸ் பூரா தொழிலாளிக்குச் சம்பளத்தோட லீவுன்னு சட்டம் வந்த மொத வருஷம் அது. சும்மா வரல. தறிக்கடியிலயே படுத்துக் கெடந்து, வேலைநிறுத்தம் பண்ணி வாங்குனது. லீவுக்காக எங்க நெசவாலைய ரெண்டு வாரம் மூடியாச்சு. பாதி ஊரு ரயிலேறிப் போயிருச்சு.

எங்ககூட தறி ஓட்டுற ஸெலி அக்கா மட்டும் தெனம் சாப்பாட்டு டப்பாவோட ஆலை வாசல்ல போய் உக்காருதாம்!

“மொதலாளிக்கு ஒரே குஷிடா. ‘லீவு குடுத்தா என்ன பண்றதுன்னே தெரியல, நாய்க்குட்டி மாதிரி என் கேட்டுக்கே வந்துடுறாங்க’ன்னு ஊரெல்லாம் சொல்றாரு. இன்னிக்குப் பத்திரிகைக்காரனையே கூட்டிட்டு வர்றாராம். அது மட்டும் அச்சுல வந்துச்சு, அடுத்த வருஷம் நம்ம லீவு அம்பேல்!”

ஓடுனோம்.

மூடின கேட்டுக்கு எதிர்த்தாப்புல, சமையக்கட்டு நாற்காலியப் போட்டு அக்கா ரொட்டி தின்னுக்கிட்டிருந்துச்சு.

“யக்கா, கெளம்பு. வீட்டுக்குப் போலாம்.”

“என் லீவு, என் இஷ்டம். நீ கடலப் பாத்த, நான் கேட்டப் பாக்குறேன்.”

“கேட்டுல என்னக்கா, அலையா அடிக்குது?”

“மூக்கு உரியாதுல்ல?”

அதுக்குள்ள கார் வந்து நின்னுச்சு. மொதலாளி எறங்குனாரு.

தெனம் காலையில சங்கு ஊதி முடிஞ்ச நொடி, கடிகாரத்தக் கையில வச்சுக்கிட்டு அந்தக் கேட்டச் சாத்துறவரு இவருதான். வெளிய மாட்டுனா அரைநாள் கூலி வெட்டு. புருசன் இல்லாம மூணு புள்ளைகள எழுப்பி, ஊட்டி, ஓடி வர்ற ஸெலி அக்கா மாட்டாத வாரமே கெடையாது.

“பாத்தீங்களா?” பத்திரிகைக்காரன்கிட்ட மொதலாளி சிரிச்சாரு. “வேலை இல்லாம இவங்களால இருக்கவே முடியாது. என்னம்மா ஸெலி, ஆலை ஞாபகம் தாங்கலையா?”

“ஆமாங்கய்யா. தெனம் வந்துடுறேன்.”

ஆஷில் அண்ணன் தலையில கைய வச்சுக்கிட்டாரு. பத்திரிகைக்காரன் பென்சில எடுத்து எழுத ஆரம்பிச்சான்.

“ஐயா, மணி என்னாச்சுங்க?”

பழக்கதோஷம். மொதலாளி கை தானா கடிகாரத்த எடுத்துச்சு. “ஒம்பதரை.”

“ஏழு மணி ஆலைக்கு ஒம்பதரைக்கு வந்திருக்கேன். நேத்து பத்து மணிக்கு வந்தேன். நாளைக்கு இன்னும் கொஞ்சம் தூங்கிட்டு வருவேன்.”

அக்கா கேட்டப் பாத்துக் கால நல்லா நீட்டிக்கிச்சு.

“எங்கய்யா, இப்ப என் கூலிய வெட்டுங்க பாப்போம்!”