இரண்டாவது சனிக்கிழமை

“உங்க வூட்டுக்காரரு இன்னிக்கும் வூட்ல இல்லியா? வர்றேன்னு ஜீப்காரர்கிட்ட நேத்தே சொல்லி அனுப்பினேனே!”

வக்கீல் ஷோபனாவின் எரிச்சலைக் கெங்கம்மாள் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. கயிற்றுக் கட்டிலைப் பலாமரத்து நிழலுக்கு இழுத்துப் போட்டாள்.

“காட்டுக்குப் போய்க்கிறாருங்க, கடுக்காய் பொறுக்க. மூணு மணிக்கு வந்துருவாரு. குந்துங்க வக்கீலம்மா.”

மணி பதினொன்று. ஷோபனா போளூரில் முதல் பஸ்ஸைப் பிடித்து, ஜமுனாமரத்தூரில் இறங்கி, அங்கிருந்து சனாவுல்லாவின் ஜீப்பில் இடுப்பு ஒடிய வந்திருந்தாள். அந்த ஜீப் இனி நாலு மணிக்குத்தான் வரும். செல்போனில் டவர் சுத்தமாக இல்லை.

பத்தொன்பது குடும்பங்கள் சாமை விதைக்கும் நிலத்தைப் போலிப் பத்திரம் காட்டித் தன்னுடையது என்கிறார் மலைக்குக் கீழே இருக்கிற கீழ்நாட்டுக்காரர் ஒருவர். அந்தக் குடும்பங்களுக்காக ரெண்டு வருஷமாக ஷோபனா வாதாடுகிறாள். காகிதங்களைச் சரிபார்த்துக் கையெழுத்து வாங்க, மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, கோர்ட் விடுமுறையில், மலையேறுவாள். ஊருக்காகப் பேசுகிறவர் கெங்கம்மாளின் புருஷன் முனிசாமி. வாய்தா என்றால் காலை ஒன்பது மணிக்கே கோர்ட் வாசலில் நிற்கிற மனுஷன். இங்கே மட்டும் அவள் வரும்போது ஒருநாளும் வீட்டில் இருந்ததில்லை. மூன்று மணிக்கு வந்து, ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் முடித்துக் கொடுப்பார்.

“கெங்கம்மா, உங்ககிட்டயே சொல்லிட்றேன். அடுத்த மாசத்துலேர்ந்து இந்தக் கேஸை தனசேகரன் சார் பாத்துப்பாரு. நல்ல வக்கீலு. என்னைவிட அனுபவசாலி.”

தண்ணீர்ச் சொம்பை நீட்டிய கெங்கம்மாளின் கை அப்படியே நின்றது. “நாங்க இன்னாங்க தப்பு பண்ணோம்?”

“நீங்க ஒண்ணும் பண்ணல. எனக்குத்தான் நேரமில்ல. நான் ஒரு நாவல் எழுதறேன். பெரிய கதை. புக்கு போடறவங்க இந்த மாசக் கடைசிக்குள்ள கேக்கறாங்க. பகல் பூரா கோர்ட்டு. சாயங்காலம் ஆபீஸ்ல கட்சிக்காரங்க. வூட்டுக்குப் போனா சமையல், பசங்க படிப்பு. இருக்கற ஒரு லீவு நாளும் உங்க வூட்டுக்காரருக்குக் காத்துக்கிட்டே போயிடுது.”

“அப்ப வக்கீல் வேலைய வுட்ருவீங்களா?”

“எப்படி வுடறது? அதுதான சோறு போடுது. அதான், மலைக்கு வர்றதை வுட்டுடலாம்னு பாக்கறேன்.”

“அவரு வந்ததும் அவருகிட்டயே சொல்லுங்க” என்று சொம்பைக் கட்டிலருகே வைத்துவிட்டுப் போனாள் கெங்கம்மாள். அவள் முகம் வாடியதைப் பார்க்க ஷோபனாவுக்கே ஒரு மாதிரி இருந்தது.

வேறென்ன செய்வது? வழக்கம்போல நோட்டை எடுத்தாள். நாவலின் கடைசி அத்தியாயத்தில், சொந்த அக்காவை வீட்டைவிட்டு வெளியேற்றும் உத்தரவோடு, கோர்ட் ஊழியரான தங்கை வாசலில் நிற்கிறாள். நாலு மாதமாகக் கதை அங்கேயே சிக்கிக் கிடந்தது. தங்கையை எப்படிப் பேச வைப்பது என்று யோசித்து யோசித்து ஷோபனா அலுத்துப்போயிருந்தாள்.

எங்கோ ஒரு மரங்கொத்தி தட்டிக்கொண்டிருந்தது. தங்கை பேசவே வேண்டாம் என்று திடீரென்று தோன்றியது. ‘அக்கா கதவைத் திறந்தாள்’ என்று எழுதினாள். அதற்குப் பிறகு பேனா நிற்கவில்லை.

கடைசி வரிக்கு முற்றுப்புள்ளி வைத்து நிமிர்ந்தபோது மணி இரண்டேமுக்கால். முடிந்தேவிட்டது! அவளால் நம்ப முடியவில்லை. நோட்டை முதலிலிருந்து புரட்டினாள். எதை எழுதினாலும் தேதி போடுவது வக்கீல் புத்தி. முதல் மூன்று அத்தியாயங்கள் மட்டும் போளூரில் எழுதியவை. மீதி பத்தொன்பதின் தலைப்பிலும் இருந்த தேதி, ஏதோ ஒரு மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை.

எந்த நாளைத் தொலைந்த நாள் என்று திட்டிக்கொண்டிருந்தாளோ, அந்த நாள்தான் நாவலை எழுதியிருக்கிறது. கேஸை யாருக்கும் கொடுப்பதில்லை. இதைக் கெங்கம்மாளிடம் உடனே சொல்லிவிட வேண்டும் என்று எழுந்து வீட்டின் பின்பக்கம் போனாள்.

ஆட்டுப்பட்டிக்கு அப்பால், பாறை நிழலில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முனிசாமி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கூடையும் இல்லை, கடுக்காயும் இல்லை. அவளைப் பார்த்ததும் பதறி எழுந்தார்.

“எழுதி முடிச்சிட்டீங்களாம்மா?”

“நீங்க காட்டுக்குப் போகலியா?”

முனிசாமி தலையைச் சொறிந்தார்.

“மொத தபா நெசமாவே போயிருந்தேங்க. திரும்பி வந்து பாத்தா, நீங்க மரத்தடில எழுதிக்கினு இருந்தீங்க. கோர்ட்டுல உங்க மூஞ்சிய அவ்ளோ சந்தோசமா நான் பாத்ததே இல்ல, கூப்புட மனசு வர்ல. அன்னிலேர்ந்து ஜீப்பு சத்தம் கேட்டாலே நான் இங்க வந்து குந்திக்குவேங்க.”