ததேயுவின் அடக்கம்

சட்டையின் இடது கைக்குப் பசை தடவிக்கொண்டிருந்தபோது அவள் உள்ளே வந்தாள்.

ஓவியர் திரும்பவில்லை. பசை இறுகுவதற்குள் துணியின் மடிப்புகளை விரலால் அழுத்திவிட வேண்டும். இதோடு படம் முடிகிறது.

அழுத்திவிட்டுத் திரும்பினார். படத்துக்கு எதிரே செசிலியம்மாள் நின்றுகொண்டிருந்தாள்.

ததேயுவின் அம்மா.

படத்தில் இருந்தது ததேயு.

ஆளுயரம். கரையில் ஒதுங்கிய அவனுடைய படகின் பலகைகளைச் சேர்த்து அடித்து, அதன்மேல் அவனை வரைந்திருந்தார். இடுப்புக்குக் கீழே மெய்யான வலை. மார்பில் மெய்யான சட்டை. முகமும் கைகளும் மட்டும் எண்ணெய் வண்ணம்.

அவன் கடலில் இருந்தபோது அடித்த புயலில் படகு துண்டு துண்டாகத் திரும்பி வந்தது. அவன் வரவில்லை.

கடலுக்குப் போகாத நாள்களில் ததேயு இங்கே வருவான். மூடிப்போன ஐஸ் கம்பெனியின் இந்தக் கொட்டகைதான் அவருடைய பட்டறை. அவர் வரைய வரைய அசையாமல் நிற்பான். நடுவில் பீடி கேட்பான். கடைசியாக வந்த அன்று, புழுங்குகிறது என்று சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். அதை மறந்து வெறும் மேலோடு போனான்.

செசிலியம்மாள் சட்டையின் பொத்தானைத் தொட்டாள்.

"இதத்தான் வீடு முழுக்கத் தேடினேன்."

அவர் விரலில் ஒட்டிய பசையைத் துடைத்தார்.

அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் தரமாட்டாள் என்றுதான் கேட்கவில்லை.

வாழ்நாள் முழுக்க மனிதர்களையே வரைந்தவர். மனித உருவமெல்லாம் பழைய கதை என்றார்கள். படத்தில் செருப்பையும் சாக்கையும் தகரத்தையும் ஒட்டத் தொடங்கினார். பழைய சாமான் வாங்கும் ஆக்கர் கடை என்றார்கள். தலை நரைத்துவிட்டது. இப்போதுதான், இந்த ஒரு படத்துக்காக, டெல்லியிலிருந்து கண்காட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். பெரிய கூடத்தின் நடுச்சுவரில் இது மட்டும் தனியாக.

"பங்குச்சாமியார் பூசை வைக்கலாம்னு சொல்லுதாரு," என்றாள். "வெறும்பெட்டிய அடக்கணுமாம். ஆளு கெடைக்காத வீட்டுல எல்லாரும் அப்பிடித்தான் செய்தாங்களாம். வெறும்பெட்டிய எப்பிடி அடக்க?"

அவர் பசைக் கிண்ணத்தை மூடினார்.

"இவனத் தந்திரு, மக்களே. எனக்க மவன அடக்கணும்," என்றாள், பிள்ளையைக் கூப்பிடுவதுபோல.

"அம்மா, இது படம்."

"படம்னு எனக்குத் தெரியும். வேற ஒண்ணும் கெடைக்கல்லியே."

வெளியே அலை அடித்துக்கொண்டிருந்தது.

"சட்டைய எடுத்துத் தாரேம்மா," என்றார் அவர். "சட்டைய வச்சு அடக்குங்க."

கத்தியை எடுத்தார். காலரின் ஓரத்தில் நுனியைச் செருகி நெம்பினார். அங்கே பசை முன்பே இறுகியிருந்தது. துணி வரவில்லை. இன்னும் நெம்பினார். கழுத்தின் வண்ணம் செதிலாகப் பெயர்ந்தது.

அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள்.

"பிய்க்காத."

ஈரமான கை. மீன் விற்றுவிட்டு நேராக வந்திருக்கிறாள்.

அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

பிறகு சுத்தியலைத் தேடி எடுத்து, படத்தைச் சுவரோடு பிடித்திருந்த ஆணிகளைப் பிடுங்கினார். அவர் தலைப்பக்கம் பிடித்தார். அவள் கால்பக்கம். சுவரில் ஏற்றும்வரை அவர் தனியாக நகர்த்தி நகர்த்தி வரைந்த பலகைதான். இப்போது இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.

சுவரில் இருந்தவரை அவன் எங்கோ கிளம்புகிறவன் போல நின்றான்.

தரையில் வைத்ததும் கிடந்தான்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவள் தலைமாட்டில் உட்கார்ந்தாள். பலகையில் பட்டிருந்த மண்ணை உள்ளங்கையால் தள்ளினாள். அழவில்லை. எதையோ யோசிப்பதுபோல அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணு தெறந்துல்லா கெடக்கு," என்றாள்.

அவருக்குப் புரிந்தது. புரியாததுபோல நின்றார்.

"மூடிவிடு, மக்களே."

அந்தக் கண்களை அவர் எத்தனையோ முறை வரைந்து வரைந்து அழித்திருக்கிறார். ஒருநாள் அவை தாமாக வந்து நின்றன. அன்றைக்குத் தூரிகையைக் கழுவக்கூட மறந்து, மணலில் போய்த் தனியாக உட்கார்ந்திருந்தார். இனி செத்தாலும் பரவாயில்லை என்று தோன்றியது அவருக்கு.

கைப்பேசி அடித்தது. டெல்லி எண்.

அடித்து ஓய்ந்தது.

அவர் மண்டியிட்டார். காவியில் கொஞ்சம் வெள்ளையைக் குழைத்தார். உயிருள்ள தோலுக்குச் சேர்க்காத நீலத்தில் ஒரு துளி சேர்த்தார்.

முதலில் இடது கண். இமையை மேலிருந்து கீழே இழுத்தார். கை நடுங்கவில்லை. அது அவருக்கே அருவருப்பாக இருந்தது.

வலது கண்ணுக்கு வந்தபோது, "நில்லு," என்றாள்.

குனிந்தாள். மூச்சுக்காற்று படும் அளவுக்குக் கிட்டே போய், அந்த ஒற்றைக் கண்ணைப் பார்த்தாள். அது அவளைப் பார்த்தது.

தூரிகையை உயர்த்திப் பிடித்தபடி அவர் காத்திருந்தார்.

"ம்," என்றாள்.

மூடினார்.

இனி அங்கே டெல்லிக்கு அனுப்ப ஒன்றும் இல்லை.

"எப்பம் காயும்?"

"எண்ணெய்ச் சாயம்லாம்மா. ரெண்டு மூணு நாளாவும்."

அவள் தலையாட்டினாள். முந்தானையை இழுத்து, ஈ உட்காராதபடி அவன் முகத்துக்கு மேல் விசிறினாள்.

"மெதுவா காயட்டும்," என்றாள். "நான் இருக்கேன்."