கடைசியில் நிற்பவர்

"ஸ்டோர்காரர் இன்னும் வெளியே வரல சார். வராம நான் சாவியைத் திருப்ப மாட்டேன்."

பல்கலைக்கழக நூலகத்துக்கு எதிரே, மரத்தடியில் நின்றபடி சொன்னார் பாதுகாப்பு அதிகாரி. ஆள் எண்ணுவதில் கறார் என்பதால் வளாகம் முழுக்க அவருக்குக் 'கணக்கு மேடம்' என்றே பெயர்.

நூலகத்தின் அடித்தள ஆவண அறையில் தீ. காலை பதினொரு மணிக்கு அபாய மணி அலறியதும் எல்லோரும் ஓடிவந்து, தூறலில் நனைந்தபடி வரிசையில் நின்றிருந்தார்கள். மரத்தடியில் இருந்த தீயணைப்புப் பெட்டியில் சாவியைத் திருப்பினால் அடித்தளம் முழுக்க வாயு நிரம்பும். தீ அணையும், உள்ளே யாராவது இருந்தால் அவர் மூச்சும் சேர்ந்து அணையும். அதனால் தலை எண்ணி முடிக்காமல் சாவியைத் தொடக்கூடாது என்பது விதி.

"எண்ணித்தான் முடிச்சாச்சே!" என்று பதறினார் பதிவாளர். பதவிக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. "உள்ள போறப்ப அட்டை தேய்ச்சது அறுபத்தெட்டு பேர். இங்க நிக்கிறது அறுபத்தெட்டு தலை. இதுக்கு மேல என்ன?"

"கணக்கு சரிதான் சார். ஆனா அவரைக் காணோம்."

"அவர் அட்டை தேய்ச்சாரா?"

"அவர் அட்டை தேய்க்கிறதில்ல."

எலெக்ட்ரீஷியன் குறுக்கே புகுந்தார். "எந்த ஸ்டோர்காரர் மேடம்? நான் வேலைக்கு வந்து ஒரு வருஷம் ஆச்சு. அவர்கிட்ட ஒரு பல்பு வாங்கினதில்லையே!"

"நீ பல்பு வாங்காத இடம்னு ஒண்ணு இருக்கா?" என்று நூலகர் வாரினார். நாலு பேர் சிரித்தார்கள். வாசல் காவலாளி மட்டும் சிரிக்கவில்லை. பழைய ஆள் அவர், தலையைக் குனிந்துகொண்டார்.

"எல்லாத் தீயணைப்புப் பயிற்சிக்கும் வருவார் சார்," என்றார் மேடம், யாரையும் பார்க்காமல். "ஒரு தடவைகூடத் தவறினதில்ல. போன மாசம் கொட்டுற மழையில மணி அடிச்சோமே, அன்னிக்கும் வந்தார். எல்லாருக்கும் கடைசியா நிப்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார். என்னையே பார்த்துக்கிட்டு நிப்பார்."

தரைத்தள ஜன்னலில் புகை எட்டிப் பார்த்தது.

"எண்பது வருஷத்துச் சான்றிதழ் கீழ எரியுது. நீங்க கதை சொல்லிக்கிட்டு நிக்கிறீங்க!" பதிவாளர் கையை நீட்டினார். "சாவியைக் கொடுங்க. நானே திருப்பறேன்."

மேடம் சாவியை உள்ளங்கையில் வைத்து இறுக்கிக்கொண்டார்.

"இதோட உங்க வேலை போச்சுன்னு வச்சுக்குங்க."

"போகட்டும் சார்." பக்கத்தில் தயாராக நின்ற வளாகத் தீயணைப்பு ஆட்கள் பக்கம் திரும்பினார். "முகமூடி மாட்டிக்கிட்டு ரெண்டு பேர் கீழ போங்க. ஒவ்வொரு அலமாரி இடுக்கா தடவிப் பாருங்க."

அவர்கள் பதிவாளரைப் பார்த்தார்கள். காவலாளிதான் வாயைத் திறந்தார். "மேடம் சொன்னா போங்கப்பா. போங்க."

போனார்கள். ஒரு நிமிடம் ஒரு யுகமாக நகர்ந்தது. பதிவாளர் கடிகாரத்தைப் பார்த்தார். மேடம் வரிசையின் கடைசியைப் பார்த்தார். அங்கே ஈரத் தரைதான் இருந்தது.

பிறகு படிக்கட்டில் ஒரு கூச்சல். இரண்டு பேரும் ஒரு பெண்ணைத் தோளில் தாங்கி வெளியே கொண்டுவந்தார்கள். துப்புரவுப் பணிசெய்யும் அக்கா. முகமெல்லாம் கரி, உயிர் இருந்தது.

"அட்டை எங்க அக்கா? பட்டியல்ல உங்க பேரே இல்லையே!" என்று மேடம் அவரை மடியில் சாய்த்துக்கொண்டார்.

"ரெண்டு கையிலயும் வாளிம்மா..." இருமலுக்கு நடுவே வந்தது பதில். "முன்னால போன தம்பி கதவைப் பிடிச்சுக்கிட்டாரு. அப்படியே நுழைஞ்சுட்டேன். தேய்க்கல."

பதிவாளர் வரிசையை மறுபடி எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார்.

"உள்ள ஒரே புகை. கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருந்துச்சு. ஒருத்தர்தான் பக்கத்துலயே நின்னாரு. 'உட்காராதம்மா, தூங்கிடாதம்மா, இந்தத் தடவை அவங்க திருப்ப மாட்டாங்க'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. அவரையும் கூட்டிட்டு வாங்கம்மா."

தீயணைப்பு ஆள் முகமூடியைக் கழற்றினார். "மூலைமுடுக்கெல்லாம் தடவியாச்சு மேடம். இந்த அக்காவைத் தவிர ஒரு ஈ காக்கா இல்ல."

மேடம் மெல்ல நிமிர்ந்தார். வரிசையின் கடைசியில், மரத்தை ஒட்டி, ஸ்டோர்காரர் நின்றுகொண்டிருந்தார். எப்போதும் போடும் அதே சாம்பல் நிறக் கோட்டு. அத்தனை பேர் தோளும் சொட்டச் சொட்ட நனைந்திருக்க, அந்தக் கோட்டில் ஒரு துளி ஈரமில்லை. முதல் முறையாக அவர் மேடத்தைப் பார்க்காமல், அந்த அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப சரி," என்று எழுந்து பெட்டியில் சாவியைத் திருப்பினார் மேடம். அடித்தளத்தில் வாயு சீறும் ஓசை கேட்டது. புகை கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

பதிவாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "நான் திருப்பியிருந்தா... நல்லவேளை, ஒரு உயிர் தப்பிச்சது. உங்க ஸ்டோர்காரருக்குத்தான் நன்றி சொல்லணும். எங்க அவர்?"

"அதோ, கடைசியில."

பதிவாளர் கண்ணை இடுக்கிப் பார்த்தார். எலெக்ட்ரீஷியனும் பார்த்தார். காவலாளி மட்டும் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"அங்க யாருமே இல்லையே மேடம். யாரு அந்த ஸ்டோர்காரர்?"

மேடம் சாவியைப் பெட்டியிலிருந்து உருவிக் கையில் மூடிக்கொண்டார்.

"போன தடவை தீப்பிடிச்சு, கணக்கு சரின்னு நான் சாவியைத் திருப்பினப்போ, உள்ள இருந்தவர் சார்."