முடிச்சில்லாத தையல்

முந்தின நாள் அந்த இலையில் நான்கு தையல்கள் இருந்தன. அன்று காலை ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை தையல்காரர் அதற்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார், யாரும் வரவில்லை. எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து பார்த்தால், ஐந்து.

தைப்பது யாரென்று அவருக்குத் தெரியும். கட்டைவிரல் அளவே உள்ள தையல்சிட்டு. வீட்டுத் தோட்டத்துச் சுவரோரம் நின்ற அத்திச் செடியில் அகலமான ஓர் இலையைச் சுருட்டி, அலகால் இரண்டு ஓரத்திலும் துளை போட்டு, பஞ்சைத் திரித்துக் கோத்து, கூடு வைக்கப் பை தைத்துக்கொண்டிருந்தது.

தெரியாதது ஒன்றுதான். அந்த நூலில் முடிச்சே இல்லை. பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்துவிட்டார். முப்பத்தோரு வருஷமாகச் சட்டை தைக்கிறவருக்கு, முடிச்சில்லாத தையல் பிரியாமல் நிற்பது தொண்டையில் சிக்கிய முள். இன்னும் நாலைந்து தையலில் பை முடிந்துவிடும். பிறகு அது முட்டையிட்டு உட்கார்ந்துவிடும், பார்க்க வழியில்லை.

கடையில் மிஞ்சிய பச்சை லைனிங் துணியை நான்கு கம்பில் சுற்றிக் கூடாரம் கட்டினார். கண் உயரத்தில், பட்டன் நுழையும் காஜா அளவுக்கு ஒரு கிழிசல். அளவு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் தினமும் குறித்தார்: நேரம், வெயில், காற்று, போட்டிருந்த சட்டையின் நிறம். ஒன்றை மாற்றி ஒன்றைப் பார்த்தால் காரணம் தானாகப் பிடிபடும் என்பது அவர் நம்பிக்கை.

மனைவியைத் தோட்டத்துப் பக்கமே வரக்கூடாதென்று சொல்லிவிட்டார். கடையில் காஜா எடுப்பதும் பட்டன் வைப்பதும் அந்த அம்மாள்தான். இரண்டு கையிலும் வளையல். நடந்தாலே தெரு திரும்பிப் பார்க்கும்.

இருந்தும் புதன்கிழமை டீயோடு கூடாரத்துக்குள் நுழைந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். "அது துணிக் கொடியில உக்காந்து, நீங்க உள்ள போறதையே பாத்துக்கிட்டு..." என்று ஆரம்பித்தாள்.

"உன் வளையல் சத்தத்துக்கே அது ஊரைவிட்டு ஓடிடும். முதல்ல கெளம்பு" என்று அடிக்குரலில் எரிந்து விழுந்தார். டம்ளரை டக்கென்று வைத்துவிட்டுப் போனாள்.

குனிந்து ஒரு வாய் குடித்து நிமிர்வதற்குள் ஒரு படபடப்பு. பறந்து போகும் வாலின் நுனி மட்டும் தெரிந்தது. இலையில் ஆறாவது தையல். டீயை மண்ணில் கொட்டினார். நோட்டில் எழுதினார்: 'புதன். மேகம். காற்று இல்லை. சாம்பல் சட்டை. வந்தது.'

ஆகவே வியாழனும் வெள்ளியும் அதே சாம்பல் சட்டை. இரண்டு நாளும் கால் மரத்துப் போகும்வரை அசையாமல் உட்கார்ந்தார். வரவில்லை. கடை திறக்கப் போன பிறகு சாவகாசமாக வந்து நாளுக்கொன்றாக இரண்டு தையல் போட்டுவிட்டுப் போயிருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு சட்டைக்கு இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டார். மனைவி அதைப் பிரித்துக்கொண்டே, "குருவிகிட்ட தோத்ததுக்கு இந்தச் சட்டை என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள்.

அவர் நோட்டைத் தூக்கி மேசையில் போட்டார். நாலு நாளாக ஒன்றுவிடாமல் எழுதியும் பிடிபடவில்லை, நாளையோடு பை முடிந்துவிடும், எல்லாம் வீண் என்று புலம்பினார். அவள் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ஒரு வரியில் விரல் நின்றது.

"புதன்கிழமை இவ்வளவுதான் நடந்துச்சா?"

"இவ்வளவுதான்."

அவள் நோட்டை மூடிவிட்டு ஊசியை எடுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை சாம்பல் சட்டை துவைக்கப் போயிருந்ததால் நீலத்தைப் போட்டுக்கொண்டு தோட்டத்துக்கு வந்தார். பின்னாலேயே அவளும் வந்தாள். போகச் சொன்னார், கெஞ்சினார். ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் போய்விடுவதாகச் சொல்லி உள்ளே நுழைந்தாள்.

சொன்னபடி ஒரு நிமிஷத்தில் எழுந்தாள். துணியை அகலமாக விலக்கி, வளையல் குலுங்கத் தோட்டம் முழுக்க நடந்து, போகிற வழியில் வாளியையும் காலால் இடித்துவிட்டு வீட்டுக்குள் போனாள். தையல்காரர் பல்லைக் கடித்துக்கொண்டார். கடைசித் தையலும் போச்சு.

சமையலறைக் கதவு சாத்தப்பட்டது. இலை ஆடியது.

கிழிசலுக்கு அந்தப் பக்கம், ஒரு கை தூரத்தில், அது. அலகால் ஒரு குத்து. பஞ்சு இழையைத் துளைக்குள் செலுத்தி வெளிப்பக்கம் இழுத்தது. முடிச்சுப் போடவில்லை. வெளியே வந்த நுனியைக் கொத்திக் கொத்திப் பிசிறாக்கியது. பிசிறு உப்பிப் பந்தானது. துளையைவிடப் பெரிய பந்து, திரும்ப உள்ளே போகாது.

அது பறந்து போனதும் தையல்காரர் வீட்டுக்குள் ஓடினார். மனைவி பட்டன் வைத்துக்கொண்டிருந்தாள்.

"முடிச்சே இல்ல, பட்டன்! நீ பண்ற வேலையத்தான் அதுவும் பண்ணுது" என்று மூச்சு வாங்கச் சொன்னவர், நோட்டைத் தேடினார். இத்தனை நாள் தப்பான நிறத்தைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறோம், அதற்குப் பிடித்தது நீலம் என்று எழுதப் போனார்.

அவள் நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள்.

"சட்டைய அடிச்சிட்டு என்னைய எழுதுங்க. புதன்கிழமையும் சரி, இன்னிக்கும் சரி, ரெண்டு பேர் உள்ள போனோம், நான் ஒருத்திதான் வெளிய வந்தேன். அதுக்கு எண்ணத் தெரியாதுங்க, எல்லாரும் போயாச்சுன்னு வந்துடுச்சு."