பாட்டியின் பெயர்

நம்மை அவர் மறக்கவில்லை. லேப்டாப்பை மடியில் அணைத்தபடி, ஓஷ் நகரக் கடைவீதியில் குபாத்தின் பழுதுபார்க்கும் கடையில் உட்கார்ந்திருந்த தூர்சுனாய் மனதுக்குள் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். கட்டட வேலைக்குப் போய்ப் பல குளிர்காலமாக ஊர் திரும்பாத கணவன், மகளின் படிப்புக்கென்று மாஸ்கோவிலிருந்து அனுப்பியது.

சந்தையில் வாங்கிய பழையது, விற்றவன் பாஸ்வேர்டைச் சொல்லவில்லை, கடையில் கொடுத்து எல்லாவற்றையும் அழித்துவிடு என்று போனில் சொல்லியிருந்தான். கூட வந்திருந்த மாமியார் சனம்கானும் அதையேதான் சொன்னாள். போன வசந்தத்தில் மகனிடம் போய்க் கண்ணுக்கு வைத்தியம் பார்த்துவந்த பிறகு அவளுக்கு எதிலும் பொறுமையில்லை.

அழித்தால் உள்ளே இருக்கும் நல்லதும் சேர்ந்து போய்விடுமே என்றான் குபாத். எதையோ அடித்துப் பார்த்தான். தவறு என்று காட்டிய திரையில் ஒரு குறிப்பும் வந்தது: பாட்டியின் பெயர்.

அவன் ரஷ்யப் பாட்டிகளை வரிசையாகக் கூப்பிட்டான். கலினா, வலென்தினா, ஸினாயிதா. ஒருத்தியும் அசையவில்லை.

"நம்மூர்ப் பாட்டியைக் கூப்பிடலாமா அக்கா? உங்க மாமியார் பேரு என்ன?"

மருமகள் வாயால் மாமியார் பெயரைச் சொல்வதில்லை. சொல்லத்தானே கூடாது என்று தோன்றியது தூர்சுனாய்க்கு. சின்னக் குறும்போடு லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து, ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள்.

"விளையாட்டு போதும், அழிச்சிடுப்பா" என்று மாமியார் எழுந்தாள்.

அதற்குள் திறந்துவிட்டது.

திரை முழுக்க ஒரு படம். தூர்சுனாயின் கணவன், அவன் தோளில் சாய்ந்தபடி ஒரு பெண், முன்னால் மரத்தொட்டில். பிறந்த பிள்ளையை முதன்முதலாகத் தொட்டிலில் கிடத்துவது அப்பாவைப் பெற்றவளின் உரிமை. வெள்ளை முக்காட்டுடன் அதைச் செய்துகொண்டிருந்தாள் சனம்கான்.

குபாத் எதையோ தேடுவதுபோல மேசைக்கு அடியில் குனிந்தான்.

மாமியார் தூர்சுனாயின் மணிக்கட்டைப் பற்றினாள்.

"அழிச்சிடச் சொல்லு மகளே. எப்படியும் அவன் நம்மகிட்டதான் வருவான்."

தூர்சுனாய் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இருக்கட்டும் அத்தே. நீங்க இப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்ல."