கையூன்றாமல்

"கைய ஊன்றாம எழும்பணும் அங்கிள். நான் போதும்னு சொல்ற வரைக்கும் எழும்பி எழும்பி உட்காரணும்."

சிந்துஜா பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறவள். அம்பிட்டிய மலைப்பக்கத்து முதியவர்களின் உடம்பு வருடத்துக்கு வருடம் எப்படித் தளர்கிறது என்று பார்ப்பது அவள் வேலை. இந்த வீட்டுக்கு இது மூன்றாவது தடவை.

றெஜினோல்ட் கதிரையின் விளிம்புக்கு நகர்ந்தார். இரண்டு கைகளையும் மார்பின் மேல் குறுக்காக வைத்துக்கொண்டார்.

"மாதா கோயில் பூசையில நன்மை வாங்கப் போற மாதிரி இருக்கு. சாமியாரக் கூட்டிட்டு வரலியா மிஸ்?"

சிந்துஜா சிரித்தாள். சமந்தா சிரிக்கவில்லை.

சமந்தா அவருடைய மூத்த மகள். வத்தளையிலிருந்து வேன் பிடித்து வந்திருந்தாள். அப்பாவின் உடுப்புகளை ஏற்கனவே பையில் அடைத்துக் கதவோரம் வைத்துவிட்டாள். மிஸ் பார்த்து, தெம்பாக இருக்கிறார் என்று சொன்னால் விட்டுவிட்டுப் போவது. இல்லையென்றால் இன்றைக்கே கூட்டிக்கொண்டு போவது. அதுதான் பேச்சு.

"ஏலாட்டி விட்டுடுங்க அப்பா. மிஸ்ஸுக்காக விழுந்து வைக்காதீங்க."

"நீ அந்த வேன்காரனுக்கு ஒரு டீயாவது குடுத்தியா? அதப் போய்ப் பாரு."

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த எஸ்ரன், மாமாவின் முழங்கால்களையே பார்த்தான். அவன் மனைவியும் மாமாவின் இளைய மகளுமான லிண்டா போன பிறகு இந்த வீட்டில் மாமாவும் மருமகனும் மட்டும்தான். மாமாவும் போய்விட்டால் அவனுக்கு யாருமில்லை.

முதல் தடவை சிந்துஜா வந்தபோது மாமா எழுந்தார். மூச்சு வாங்கியது, அவ்வளவுதான். இரண்டாம் தடவை பாதியில் தொங்கிப்போய் நின்றார். லிண்டா ஓடி வந்து அக்குளில் கை கொடுத்தாள். அந்த நாட்களில் அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டதும் லிண்டாதான். தேநீர்க் கோப்பையை அவர் வாய்வரைக்கும் கொண்டுபோனதும் அவள்தான்.

பிறகு ஒரு மழை நாளில், லிண்டாவும் எஸ்ரனும் கம்பளையிலிருந்து வந்த முச்சக்கரவண்டி பள்ளத்தில் உருண்டது.

"இனிக் கிழவனும் கன நாளைக்கு இல்ல" என்றார்கள் லிண்டாவின் செத்த வீட்டில், தேநீரை ஊதிக் குடித்துக்கொண்டே.

"ஆரம்பிங்க அங்கிள்."

மாமா எழுந்தார்.

எழுந்த விதத்தில் அவசரமில்லை. முதலில் குதிகால்கள் தரையைப் பிடித்தன. பிறகு தொடை, ஈரக் கயிறு முறுகுவது போல, சாரத்துக்குள்ளே இறுகியது. முதுகு கடைசியாக வந்தது. நிமிர்ந்து நின்றார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார்.

தேய்ந்து தேய்ந்து முடிகிற ஒன்றைத்தான் முதுமை என்று எஸ்ரன் எண்ணியிருந்தான். அது திரும்பி வரும் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை. இந்த மாதங்களில் அது கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியதை அவன்தான் மிகக் கிட்ட இருந்து பார்த்தவன். பார்த்தும், இப்போதுதான் புதிதாகப் பார்ப்பது போலிருந்தது.

எழுந்தார். உட்கார்ந்தார். கதிரைதான் முனகியது. அவர் முனகவில்லை.

சிந்துஜா போதும் என்று சொல்ல மறந்துவிட்டாள்.

"இன்னும் வேணுமா மிஸ்? இல்ல, நீங்க வந்து உட்காருறீங்களா?"

"ஐயோ, போதும் அங்கிள்!"

கைப்பிடியின் பலம் பார்க்கிற கருவியையும் கொடுத்தாள். அவர் அழுத்தினார். ஊசி போய் நின்ற இடத்தை அவள் குனிந்து பார்த்தாள். கருவியை வாங்கித் தானும் ஒரு தரம் அழுத்திப் பார்த்தாள்.

"தளர்ந்தவங்க திரும்புறது உண்டு. ஆனா இவ்வளவு தூரம் திரும்பின ஆள நான் பாத்ததில்ல. அப்படி என்ன செய்றீங்க அங்கிள்?"

"இந்தா, இந்தப் படியில ஏறி இறங்குறேன்."

"நான் மாசா மாசம் அனுப்பின சத்துமா டின் மிஸ்!" என்றாள் சமந்தா. கண் கலங்கியிருந்தாள். "கசக்குதுன்னு சொன்னாரு. விடாம அனுப்பினேன்."

மாமா எஸ்ரன் பக்கம் திரும்பவில்லை. அந்த மா முழுவதும் எஸ்ரனுக்குத்தான் போயிற்று. கசக்கத்தான் செய்தது.

பையிலிருந்த உடுப்புகளைச் சமந்தாவே அலுமாரியில் அடுக்கினாள். புறப்படும்போது அப்பாவின் நெற்றியில் முத்தமிட்டாள். எஸ்ரனிடம் வந்து குனிந்தாள்.

"ரிஸ்மி காலையிலயும் பின்னேரமும் ஒழுங்கா வர்றாரா?"

"வர்றாரு மச்சாள்."

வேன் வளைவு திரும்பும்வரை மாமா வாசலில் நின்று கையசைத்தார். பிறகு கதவைச் சாத்தினார்.

எஸ்ரனைத் தூக்கி உட்காரவைக்கக் கெலிஓயாவிலிருந்து வந்துகொண்டிருந்த ரிஸ்மி, முதல் மாதத்திலேயே கட்டாருக்குப் போய்விட்டார். அதை இருவரும் யாருக்கும் சொல்லவில்லை. அவர் நின்ற மறுநாள் மாமா தானே முயன்று பார்த்தார். இரண்டு பேரும் தரையில் விழுந்து, மீன்காரர் வந்து கூப்பிடும்வரை அப்படியே கிடந்தார்கள். அடுத்த நாளும் முயன்றார்.

மாமா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் வந்தார். எஸ்ரனின் மடியிலிருந்த போர்வையை எடுத்து உதறிப் போட்டார். சக்கர நாற்காலியின் தடுப்பை அழுத்தினார்.

"காலையில இருந்து ஒரே இடத்துல. முதுகு நோகுதா?"

"இல்ல மாமா."

"பொய். கையக் கழுத்துல போடு மகன்."

எஸ்ரன் போட்டான். கிழவரின் குதிகால்கள் தரையைப் பிடித்தன. ஒரு மூச்சு. அவன் நெஞ்சோடு ஒட்டிய நெஞ்சில் இதயம் நிதானமாக அடித்தது.

மாமா எழுந்தார். எஸ்ரனும் அவரோடு எழுந்தான். அவனுடைய கால்கள் மட்டும், வேறு யாருடையவோ போல, சீமெந்துத் தரையில் பின்னால் இழுபட்டு வந்தன.